மாதாந்திரப் பராமரிப்பு நாள்

மாதத்தில் ஒரு நாள்
காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை
துணைமின் நிலையத்தில் பராமரிப்பு.
அன்றைக்குத்தான் எங்கள் ஊரில்
ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும்.
அன்றைக்கே வரச் சொன்னோம் ஆக்னஸ் மேடத்தை.

சோமனூருக்குக் கிழக்கே,
நொய்யலுக்கு இந்தப் பக்கம்.
ஊர்ப்பெயர் சொல்ல மாட்டேன்.
ஒப்பந்தத்தில் அது இரண்டாவது வரி.

முன்பும் ஒருத்தர் வந்தார்.
தறிக்குடோன் வாசலில் வேனை நிறுத்தி
காதில் கருவி மாட்டி
சத்தம் வந்தால் விரலைத் தூக்கு என்றார்.
வந்ததற்குத் தூக்கினேன்.
பாவம், வெயிலில் நிற்கிறாரே என்று
வராததற்கும் ரெண்டு தடவை தூக்கினேன்.
நாலு வருடம் கழித்து
சென்னியப்பன் மகள் செல்போனில் காட்டினாள்:
பெல்ஜியத்திலோ எங்கேயோ ஒரு மேடை,
திரையில் எங்கள் காதுகளின் வரைபடம்.
நான் எண் நாற்பத்தேழு.
அவ்வளவு தூரம் போயிருக்கிறது என் காது,
எனக்கு ஒரு கடுதாசி போடாமல்.

இந்த முறை
நின்ற தறிகளுக்கு நடுவே
காலி பீம்களின் மேல் உட்கார்ந்தோம்.
மாராத்தாள் முதலில் கேட்டது
கேள்வித்தாளை அல்ல, பட்ஜெட்டை.
மேடம் முகம் சிவந்தது.
சற்றுப் பொறுத்து
லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார்.
விமானம். கருவி. ஆலோசகர். அச்சு.
கீழே, ரொம்பக் கீழே,
'சமூகப் பங்கேற்பு: டீ, பிஸ்கட்,
ரூபாய் இரண்டாயிரத்து நானூறு.'

"டீ நாங்களே வெச்சுக்கறமுங்க.
ஒரு ஷிப்ட்ட உட்டுப்போட்டு வந்து உக்காந்தா
அந்தக் கூலிய எந்த வரியில எழுதுவீங்க?"

அவரிடம் பதில் இல்லை.
இல்லை என்றே சொன்னார்.
அந்த இடத்தில்தான் அவரை எனக்குப் பிடித்தது.

பிறகு கேள்வித்தாள்.
'உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா? ஆம் / இல்லை.'
இதற்கு யாரும் இல்லை போட மாட்டார்கள் என்றேன்.
இல்லை என்றவனுக்கு எந்த ஓனர் தறி கொடுப்பார்?
பெண் பார்க்க வருகிற வீட்டில்
யார் ஒத்துக்கொள்வார்?
வேறு கேளுங்கள்.
நூல் அறுந்தது தெரிவது சத்தத்திலா, துணியிலா?
குக்கர் விசிலை எண்ணுவது நீங்களா, பிள்ளையா?
கத்தாமல் நீங்கள் கடைசியாகப் போட்ட சண்டை எது?
ஆக்னஸ் எழுதிக்கொண்டே போனார்.
நடுவில் நிமிர்ந்து
இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது என்றார்.
அது உங்கள் வேலை என்றோம்.

சுமுகமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.
குடோன்காரர் பெயர்கள் வரக்கூடாது என்றான் சென்னியப்பன்.
வந்தே ஆகணும் என்றாள் மாராத்தாள்.
இருவருக்கும் இன்றுவரை பேச்சில்லை.
கூலியை ஏற்றுக்கொள்ளப்
பல்கலைக்கழகத்துக்கு நாலு மாதம் பிடித்தது.
பான் கார்டு கேட்டார்கள்.
'ஆய்வாளர் பதவி' என்ற கட்டத்தில்
தறி ஓட்டுபவர், இரவு ஷிப்ட் என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடியும் அதையே எழுதினேன்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு.
அன்றைக்கு மூணே முக்காலுக்கே
கரண்ட் வந்துவிட்டது.
அடுத்த குடோனில் தறி போட்டுவிட்டார்கள்,
அப்புறம் அதற்கடுத்ததில்.
கடைசி நிபந்தனை பாக்கி.
மேடம் என்னவோ கேட்டார், உதடு தெரிந்தது.
எங்களுக்கு உதடு போதும்.
நான் சொன்னபோது அவருக்குப் போதவில்லை.
எழுந்து வந்து
என் வாயருகே காதை வைத்தார்.
முடியில் பஞ்சுத் தூசி.

"வேண்டாம்னு நாங்க சொன்னா நிறுத்தோணும்.
எப்பச் சொன்னாலும்.
அச்சானதுக்கு அப்பறமுங்கூட."

அது எப்படி முடியும், என்றது உதடு.
இன்னொரு தடவை சொன்னேன்,
அதே சொற்கள், அதே வரிசை.
அவர் தலையாட்டவில்லை.
மூடிய பேனாவை
மறுபடி திறந்தார்.