மூன்றாம் வரிசைக்கு

பியானோக்காரர் ஒட்டிவெல் மிதிகட்டையை அழுத்தும்போது
பலகைத்தரை வழியே உள்ளங்காலுக்கு ஏறும் ஒரு நடுக்கம்.
இசை எனக்கு அவ்வளவுதான்.
ஏழு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது
காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று.
ஹல் துறைமுகத்தில் வாரமெல்லாம் மாவுச்சாக்கு தைப்பேன்.
சனி இரவு மூன்று பென்னிக்கு மூன்றாம் வரிசை.

அங்கேதான் ஐரிஸ் வால்மண்ட்
வீட்டுயர முகத்தோடு அழுதாள்.
எழுத்தட்டை சொன்னது:
"பிரபுவே, உமக்காக என் உயிரையும் துறப்பேன்."
உதடு சொன்னது:
"வெங்காயமா தின்னுட்டு வந்தே, செசில்? தள்ளி நில்லு."
அரங்கமே கைக்குட்டை தேடிக்கொண்டிருக்க
நான் வாய்விட்டுச் சிரித்தேன்.
என் சிரிப்பு எப்படி ஒலிக்குமென்று எனக்குத் தெரியாது.
டார்ச்சுக்காரன் தோளைப் பிடித்து வெளியே தள்ளியதில்
ஓரளவு தெரிந்தது.

அதன்பின் ஒரு படம் விடவில்லை.
ஷோரம் கடற்கரையில் கண்ணாடிக் கொட்டகை போட்டு
வெயிலுக்குக் காத்துக்கிடந்து எடுத்தவை.
(இதையும் அவளே சொன்னாள்,
தேவாலயத்தில் மணப்பெண்ணாக நின்றபடி:
"மேகம் வருது, மோதிரத்தைச் சட்டுனு போடு.")
சாயம் பூசிய உதடுகள் படத்தில் கறுத்துத் தெரியும்,
வெள்ளைத்தாளில் அச்சடித்ததுபோல.
ஊமைப்படம் என்றார்கள் அதை.
யாருக்கு?

எல்லாப் படத்திலும் கையுறை.
தூங்கும் காட்சியில்கூட.
பத்திரிகைகள் அதை நாசூக்கு என்று எழுதின.

பதினேழாம் வருஷம் ஒரு சிரிப்புப் படம்.
சமையற்காரி வேஷம், மாவுத்தொட்டியில் விழ வேண்டும்.
விழுந்தாள். எழுந்தாள்.
"ஐயகோ, எனது கேக்கு!" என்றது அட்டை.
வெள்ளை முகத்தில் கறுத்த உதடு:
"ஜபேஸ். கண்ணிவெடி பொறுக்கப் போன படகு.
ஜபேஸ். அம்மாகிட்ட யார் சொல்றது?"
எனக்கு முன்னால் வரிசை வரிசையாகத் தோள்கள் குலுங்கின.
நான் இருக்கையின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

கடிதம் எழுதினேன். நாலே வரி.
உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன்.
எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.
டோர்கஸ் ஃபிளின்டாஃப்,
ஹல், மூன்றாம் வரிசை.

பதில் வரவில்லை, பதினோரு மாதம்.
பிறகொரு படத்தில் அவள் ஜன்னலைத் திறந்தாள்,
நடிகர்கள் பார்க்கக்கூடாத இடத்தைப் பார்த்தாள்,
கேமராவின் கண்ணுக்குள் நேராக.
"வசந்தம் வந்துவிட்டது!" என்றது அட்டை.
"மூணாம் வரிசை, கடிதாசி கிடைச்சுது.
அண்ணன் அவன், தம்பியில்லே."

அந்தப் படத்துக்கு ஆறு தடவை போனேன்.
அந்த வாரம் ரொட்டிக்கு வெண்ணெய் இல்லை.

பேச்சு வந்தது.
மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்துவைத்தார்களாம்;
பிரபுவின் மகள் பூவைப் பார்த்தே பேசினாள்.
எனக்குக் கிடைத்தது ஒரு காது, கழுத்தில் அசையும் நரம்பு.
திடீரென்று அரங்கம் சிரித்தது.
நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.
அக்கா மில்லிசென்ட் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் காட்டினாள்:
குரல். மீன்சந்தைக் குரல்.
நம்ம ஹெசில் ரோடு.

சிரித்தவர்களில் பாதிப்பேர்
ஹெசில் ரோட்டிலிருந்து நடந்து வந்தவர்கள்.

அதற்குப்பின் ஒரு சுவரொட்டியும் இல்லை.
பழைய சுருள்களை எடைக்குப் போட்டு
வெள்ளி உருக்கி எடுத்தார்கள் என்றாள் அக்கா.
ஜன்னல், மாவு, வெங்காயம், எல்லாம்.
எத்தனை கரண்டிக்குத் தேறியதோ.

இரண்டாவது யுத்தம், மூன்றாவது குளிர்காலம்.
குண்டு விழுந்த தெருவில் மீன்கடை வரிசை.
எதிர்ச்சாரியில் நான்.
தலையில் துணி கட்டிய பருத்த பெண்ணொருத்தி
காட் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள்.
கையுறை இல்லை.
விரல் முழுக்க வெள்ளைக் கோடுகள்,
ஹெர்ரிங் குடல் எடுக்கும் கத்தி போட்டவை,
பத்து வயதில் போட்டிருக்க வேண்டும்.
முகத்தை நான் பார்க்கவேயில்லை, உதட்டைத்தான் பார்த்தேன்:
"முந்தாநாள் செத்ததுக்கு இன்னைக்கு விலையா?"

சிரித்துவிட்டேன்.
உரக்கத்தான் இருந்திருக்க வேண்டும்,
வரிசையில் எல்லோரும் திரும்பினார்கள்.
கடைசியாக, மீனைக் கீழே வைத்துவிட்டு,
அவளும்.