ஏறின விலை மட்டும்

வலக்கண்ணைப் பஞ்சு வைத்து மறைத்தேன்.
நாடியை வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைக்கச் சொன்னேன்.
"நடுப்புள்ளியை மட்டும் பாருங்கோ. எங்கையாவது
வெளிச்சம் மினுங்கினா பொத்தானை அமத்துங்கோ."

குருநகரில் மீன் கூறுகிற சூசைமுத்து,
இருபத்தெட்டு வருசமாய் விரலசைவில் விலை பிடித்தவர்.
மாரி தொடங்கியதிலிருந்து இடப்பக்கத்து விரல்கள் அகப்படவில்லை.
"அந்தப் பக்கம் ஆக்கள் இப்ப கேக்கிறேல்லை" என்கிறார்.
அட்டையில் சீனி வருத்தம் என்று எழுதியிருக்கிறது.

மெசின் சூடாகும்வரை கதைத்தோம்.
"ஒரே விலையைத் திருப்பித் திருப்பிக் கத்தேலாது, பிள்ளை.
சனம் சிரிக்கும்.
ஏறினாத்தான் கூப்பிடுறது."

விழித்திரையில் படமென்று எதுவும் இல்லை.
பத்து லட்சம் நரம்பிழை,
ஒவ்வொன்றுக்கும் காவலுக்கு ஒரு சின்ன வட்டம்.
நடுவும் அயலும் ஒரே வெளிச்சமென்றால்
அநேகமாய்ச் சும்மா இருக்கும்.
ஒரு விளிம்பு வரவேண்டும்,
தோணியின் கறுப்பு கடலின் வெள்ளையைத் தொடுமிடம்:
டக், டக்டக், டக்.
வெளிச்சம் ஏறினால் கத்துவது ஒரு சாதி,
இறங்கினால் கத்துவது இன்னொன்று.
பண்ணைக் கடலில் அசையாத கொக்கைத் தவறவிடாதிருக்க
கண் தானே நடுங்கிக்கொண்டிருக்கிறது.
அந்த நடுக்கம் நின்றால்
கொக்கும் போகும், கடலும் போகும்.

இதற்கெல்லாம் பின்னால், கடைசி வரிசையில்,
வெளிச்சத்தைப் பிடிக்கிற கலங்கள்.
அவை இருட்டில்தான் ஓயாமல் பேசும்,
வெளிச்சம் பட்டால் அடங்கும்.
இதைப் படித்த இரவு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
முகத்தில் டோர்ச் விழுந்ததும்
எங்கள் ஒழுங்கை முழுக்கப் பேச்சை நிறுத்தின வருசங்களை
நான் கண்டவள்.
நின்றுபோன பேச்சுத்தான் செய்தி.

தாள் வந்தது. இடப்பக்கம் மை கொட்டினமாதிரி.
"இவ்வளவு கறுப்போ?
எனக்கு ஒண்டும் கறுப்பாத் தெரியேல்லையே!"

தெரியாதுதான், ஐயா.
அங்கிருந்து கூப்பிட ஆளில்லை.
மூளை பக்கத்து விலையையே அதற்கும் எழுதிக்கொள்கிறது,
சுவருக்குப் பக்கத்தில் சுவர்,
கடலுக்குப் பக்கத்தில் கடல்.
கணக்கில் ஓட்டை இல்லை.

"அப்ப அங்க நிண்டு கேட்டவங்கள்?"

நான் தாளை மடித்தேன். மடிப்பு நேராக வரவில்லை.

"சரி, நாளைக்குக் கொஞ்சம் சரிஞ்சு நிக்கிறன்" என்று
தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.
மருந்துச் சிட்டையோடு பேபிராணி,
அரை மணித்தியாலமாய் அங்கேயே.

"நீ எப்ப உள்ளுக்கு வந்தனி?"