வயிற்றுக்குத்து என்று எழுதியிருந்த துண்டு

மல்லாவி ஆஸ்பத்திரி, மாசி, அருவி வெட்டு நேரம்.
துண்டில் வயிற்றுக்குத்து என்றிருந்தது.
கபிசன், பத்தாம் ஆண்டு.
நிமிர்ந்து நடக்கவில்லை.
வாங்கில் இருந்து
என்னைப் பார்க்காமல்
சுவரிலிருந்த டெங்கு நுளம்பைப் பார்த்தான்.

"ரெண்டு தரம் சத்தி, ஓமத்தண்ணி குடுத்தனான்" என்றா தாய்.
வயிற்றை அமத்தினேன். மெத்தென்று கிடந்தது.
பொய் சொல்லத் தெரியாத வயிறு.

அற்றென்டன் தவயோகனைக் கூப்பிட்டுத் திரையை இழுத்தேன்.
"தம்பி, நோவு அதுக்கும் கீழயோ?"
அழத் தொடங்கினான்.
பதில் அதுதான்.

இந்த நோவுக்கு வயது பார்க்கத் தெரியும்.
கைக்குழந்தை வீரிட்டழுதால்
குடல் இறங்கி இறுகியிருக்கும்.
ஏழெட்டு வயதில்
ஒன்றுக்கும் உதவாத சின்னத் தொங்கல் ஒன்று முறுகி
தோலுக்குள் நீலப் பொட்டாய்த் தெரியும், தானாக ஆறும்.
கூகைக்கட்டு கன்னத்திலிருந்து இறங்குவதும் உண்டு.
போன கிழமை வந்த வெட்டு மெசின் சாரதிக்குக்
காய்ச்சல், மூத்திரக் கடுப்பு,
தாங்கிப் பிடித்தால் சுகமென்றார். கிருமி.
முறிகண்டிப் பெரியவருக்கு நோவு அங்கே,
கல்லோ சிறுநீரகத்தில்.

பதினைந்து வயதை
நித்திரையால் எழுப்பிய நோவென்றால்
விதை முறுக்கு.
இல்லையென்று தெரியும்வரை அதுதான்.

ஒரு பக்கம் மேலேறிக் குறுக்கே கிடந்தது.
தொடையில் கீறினால் துள்ளவேண்டிய தசை
துள்ளவில்லை.

"எத்தினை மணிக்குத் தொடங்கினது?"
"ரெண்டு இருக்கும்."
சுவரில் எட்டேகால்.
ஆறு மணித்தியாலம் என்று படித்த வரி
எனக்குள் ஒருதரம் இருமியது.

ஸ்கானுக்கு நிற்கவில்லை.
கிளிநொச்சிக்கு அடித்துச் சொன்னேன்: தியேட்டரைத் திறந்து வையுங்கோ.
மாங்குளம் போகும்வரை றோட்டில் நெல் காயப்போட்டிருந்ததாம்.
அம்புலன்ஸ் நெல்லின்மேல் ஏறித்தான் போனது.
ஒருத்தரும் ஏசவில்லையாம்.

பத்தரைக்கு சேர்ஜன் எடுத்தார்.
"கறுப்பு. ஒண்டரைச் சுத்து.
அவிட்டு, சூட்டுத்துணி சுத்திப்போட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறம்."
பிறகு: "கொஞ்சம் சிவக்குது."
கொஞ்சம் என்ற சொல்லை
நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்,
அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது இப்படியென்று தெரியாமல்.

மற்றப் பக்கத்தையும் முறுகாமல் தைத்துவிட்டார்கள்.
தங்குமா சுருங்குமா,
மாதங்கள் போனால்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் வந்தார்கள்.
அவன் நுளம்பைப் பார்த்தான்.
தாய் குனிந்து, மெல்ல:
"ஊருக்கு அப்பெண்டிக்ஸ் எண்டு சொல்லியிருக்கிறம், டொக்டர்."

சரி என்றேன்.
அவர்கள் கேற்றடிக்குப் போனபிறகு நினைத்தேன்,
அவன் வகுப்பில் இன்னும் பதினெட்டுப் பெடியள்.