புடலைக்கும் நைட் டூட்டி

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ராத்திரிப் பொறுப்பைக் கைமாற்றிவிட்டு
சமாதானபுரம் வந்து மாடியேறும்போது
வெயில் எனக்கு முன்பே ஏறியிருக்கும்.
கொடியில் பூ என்று இருப்பதெல்லாம்
காயம் துடைத்துப் போட்ட பஞ்சு போலத்
துவண்டு தொங்கும்.

வாடகை வீட்டு மொட்டைமாடி.
மூன்று பெயின்ட் வாளி, ஆற்று மணல், சாணித்தூள்,
அறுந்த கேபிள் ஒயரில் ஒரு பந்தல்.
"தளம் ஒழுகிச்சுன்னா நீங்கதான் பாத்துக்கிடணும் சிஸ்டர்"
என்று முதல்நாள் சொன்ன வடிவம்மை
இப்போதெல்லாம் அரிசி களைந்த தண்ணியை
மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகிறாள்,
வைத்தது தான்தான் என்று ஒத்துக்கொள்ளாமல்.

ஆடிக் காற்று.
மேகம் மலையோடு நின்றுகொண்டது.
சாரல் குற்றாலத்துக்கு, காற்று நமக்கு.
துணி கிளிப்பையும் ஒரு தலையணை உறையையும்
ஐ.ஓ.பி. காலனிப் பக்கம் கொண்டுபோன காற்றால்
இந்தக் கொடியை அசைக்கத்தான் முடிந்தது.
வார்டில் பச்சைப்பிள்ளைக்கு நரம்பு தேடி
விரலால் தடவித் தடவிப் போவேன் நான்.
அப்படித்தான் போயிருக்கிறது அதன் சுருள்,
கண்ணில்லாமல், ஒயர் அகப்படும் வரை.
பிறகு மூன்று சுற்று.

ஆனால் காய் இல்லை.
பிஞ்சு சுண்டுவிரல் நீளம் வரும், மஞ்சளாகும், விழும்.
மகராஜநகர் சந்தையில் விதை தந்தவரிடம் கேட்டேன்.
"ராத்திரிப் பூக்குற சாதிம்மா இது.
பூச்சி வரலேன்னா
நீங்கதான் பூச்சி."

ராபியத்திடம் டூட்டி மாற்றக் கேட்டபோது
"வீட்ல விசேஷமாக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
எந்த விசேஷம் என்று அவள் கேட்கவில்லை,
நல்லவேளை.

ஆறரை மணி.
காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்று கையில்.
மொட்டுக்குள் சுருட்டி வைத்த நூலை
யாரோ உள்ளேயிருந்து உதறுகிறார்கள்.
ஒரு இழை. நின்றது.
கீழே குக்கர் மூன்று தடவை கத்தி முடித்தபோது
பார்த்தால்
ஐந்து இதழும் ஓரம் முழுக்கப் பிசிறு பிசிறாக
அவிழ்ந்து கிடக்கிறது வெள்ளை.
இத்தனை நாளும் இதுதான் நடந்திருக்கிறது இங்கே.
நான் அங்கே சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த
எல்லா ராத்திரியும்.

வாளி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.
ஆண்பூவைத் தொட்டு, அடியில் பிஞ்சு வைத்த பூவைத் தொட
எழுந்தபோது
அது வந்தது.
கட்டைவிரல் பருமன், சாம்பல் நிறம்,
சின்ன ஃபேன் ஓடுவது போல ஒரு சத்தம்.
முதல் பூவில் மூக்கை விட்டது.
அடுத்ததற்குப் போகாமல்
எதிர்வீட்டு டியூப்லைட்டைப் பார்த்துப் போய்விட்டது.
ஏ பாவி, என்றேன் வாய்விட்டு.
மூச்சை எண்ணுவது எனக்குப் பழக்கம்.
எப்போதும் அடுத்தவர் மூச்சு.
இன்று என்னுடையதை எண்ணினேன், நாற்பது வரை.
திரும்பி வந்தது.
சரியான பூ.

குச்சியின் பஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது.
அதனால் காதைக் குடைந்துகொண்டு
கீழே வந்து சாப்பிட்டேன்.

காய் முழ நீளம் தாண்டி வளையத் தொடங்கியதும்
பந்து தேடி மாடிக்கு வந்த சேர்மத்துரை
தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை நுனியில் கட்டிவிட்டான்.
"இனி நேராத்தான் வளரும், வேற வழி கிடையாது" என்றான்.
வடிவம்மை அண்ணாந்து பார்த்தாள்.
"எத்தன காய்ச்சிருக்கு?"
ஒண்ணு.
"அப்பம் பாதி எனக்கு.
வால் பக்கம் வேண்டாம்."

மறுபடி நைட்.
பதினாலாம் பெட்டுக்கு இரண்டு மணி ஊசி.
கை துடைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறேன்,
மேற்கே, சமாதானபுரம் இருக்கிற திசையில் கூட இல்லை அது.
துணைக்கு வந்த அம்மா பாயிலிருந்து கேட்கிறாள்,
"என்ன சிஸ்டர், சிரிக்கீங்க?"
வீட்ல முழிச்சிருப்பாங்க, என்கிறேன்.