முதலாம் பாடவேளை

வலயத்திலிருந்து வந்த தாளில்
எங்கள் கணிதம் நூற்றுக்கு நாற்பத்து நாலு.
அதிபர் ஜீவரெத்தினம் அதைச் சிவப்பால் வட்டமிட்டு,
மேம்பாட்டுத் திட்டத்தின் ஏழாம் பக்கத்தில்
போன வருசத்து வசனத்தையே எழுதச் சொன்னார்:
‘மாலை வகுப்புகள் நடாத்தப்படும்.’

எழுதவில்லை.
கரண்ட் வரும்வரை காத்திருந்து
ஐம்பது பேரையும் கணினியில்
ஒவ்வொருவராய்ப் பதிந்தேன்.
தமிழுக்கு ஏ எடுத்த நிருஜாவுக்குக் கணிதத்தில் டபிள்யூ.
விஞ்ஞானத்துக்கு பி எடுத்த டிலக்சனுக்கும்.
விளங்காத பிள்ளைகள் என்றுதான்
ஆசிரியர் அறையில் சொல்லிவந்தேன்.

பெயருக்குப் பக்கத்தில் முகவரியைச் சேர்த்ததும்
அட்டவணை இரண்டாய்ப் பிளந்தது,
நடுவில் வாவி.
இருபத்தெட்டு டபிள்யூவில் இருபத்து மூன்று
அம்பிளாந்துறைப் பக்கம்.
பாதையில் ஏறி வாவி கடந்து வருகிற பிள்ளைகள்.

பாதை கரைதட்ட எட்டுப் பத்து ஆகும்.
கணிதம் ஏழு ஐம்பதுக்கு,
வாரத்தில் நாலு நாள்.
மாரியில் இன்னும் பிந்தும்.
நனைந்த சப்பாத்தைக் கையில் பிடித்தபடி
வாசலில் நின்றவர்களை
‘பிந்தினால் வெளியே நில்’ என்றது
என் குரல்.
வரவேட்டில் அந்தச் சிவப்புக் கோடுகள்
என் பேனை.

ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்:
கணிதம் நாலாம் பாடவேளைக்கு மாறும்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.
“அப்ப முதலாம் பாடத்துக்கு எதைப் போடுறது, மிஸ்?”

தெரியாது.
நேரசூசியில் அந்தக் கட்டம் இன்னும் வெறுமை.
பாதைக்காரர் பொன்னுத்துரையின் தொலைபேசி இலக்கத்தைப்
பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன்.