அடிக்குறிப்பு ஏழு

பதவி உயர்வுப் படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
மொத்த மேற்கோள்கள், எண்ணில்.
பீளமேட்டில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று
உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல், நான் மூன்று பேராக இருக்கிறேன்.
ந. பூங்கோதை என்று ஒருத்தி.
பூங்கோதை ந. என்று இன்னொருத்தி.
பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்ததில் பிறந்தவள்
பூங்கோதை நஞ்சப்பன்.
தரவுத்தளத்துக்கு மூவரையும் தெரியும்,
அவர்களுக்குள் அறிமுகம் இல்லை.
ஒருத்தியின் ஹெச்-இண்டெக்ஸ் ஆறு, ஒருத்திக்கு இரண்டு,
மூன்றாமவளை யாரும் படித்ததாகத் தகவலே இல்லை.
ஆனால் "அன்புள்ள டாக்டர் நஞ்சப்பன்" என்று
வாரம் ஒரு மின்னஞ்சல் வருகிறது,
கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவருக்கு,
நரம்பியல் மாநாட்டில் பேச வரும்படி.

ஏழு வருஷம் எனக்கு ஒரே கேள்வி.
செவ்வாய்தோறும் நாமக்கல் ஹேட்சரியிலிருந்து
சென்னியப்பன் அட்டைப்பெட்டியில் அனுப்புவார்,
முட்டைப் பண்ணைக்கு ஆகாத சேவல் குஞ்சுகள்.
ஒருநாள் வயது.
கசப்புத் தடவிய மணியை நீட்டுவேன்.
ஒரு கொத்து, ஒன்றே ஒன்று.
தலையை உதறும், அலகைத் தரையில் துடைக்கும்,
அப்புறம் அந்தப் பக்கமே வராது.
அந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே
மூளைக்குள் ஏதோ எழுதப்படுகிறது:
எந்த மரபணு, எந்தச் செல்லில், எத்தனையாவது நிமிஷத்தில்.
முப்பத்தொரு பக்கம்.
மேற்கோள்கள் மூன்று.
இரண்டு நானே காட்டியது.
மற்றது "இதற்கு மாறாக" என்று தொடங்குகிறது.

அப்புறம் அந்த மின்வெட்டு வருஷம்.
டீசலுக்கு எழுதிய கடிதம் மேஜை மேஜையாய் நகர,
மைனஸ் எண்பதில் உறங்கவேண்டிய ஃப்ரீசர்
வியர்க்க ஆரம்பித்தது.
விடிகாலை நாலரைக்கு ஸ்கூட்டியில் உக்கடம் மீன் மார்க்கெட்.
சாகுல் அண்ணன் அரைப் பாளம் ஐஸைச்
சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டே கேட்டார்,
"எத்தனை கிலோ மீனும்மா?"
"மீனில்லீங்ண்ணா, மூளைங்க."
அவர் அதற்குமேல் கேட்கவில்லை.
ஐஸ் எவ்வளவு, கல்லுப்பு எவ்வளவு,
எத்தனை மணி நேரம் ஆர்என்ஏ சிதையாமல் நின்றது,
எல்லாவற்றையும் வேறொரு கட்டுரையின் அடியில்
பொடி எழுத்தில் போட்டேன், ஏழாம் எண்ணில்.
மேற்கோள்கள் அறுநூற்று நாற்பத்து நான்கு.
அவர்கள் தேடி வருவது கட்டுரையை அல்ல,
ஏழை.

லாகோஸ், பெஷாவர், கின்ஷாசா, காத்மாண்டு:
வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன்.
கரண்ட் போகிற ஊர்களின் படம் அது.
எங்கேயோ ஒருத்தி இருட்டில் உப்பு அளக்கிறாள்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
குஞ்சு எண் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் இல்லை.
கொத்தியது, உதறியது,
திரும்ப வந்து கொத்தியது. பதினோரு முறை.
புள்ளிவிவரம் பார்க்கிற தோழி மரகதவல்லி
"தூக்கிருடி, வரைபடமே கெடுது" என்றாள்.
தூக்கவில்லை.
இணைப்பு அட்டவணை நான்கில், நட்சத்திரக் குறியோடு
யாரும் திறக்காத கோப்பில் இருக்கிறது.

மூவரும் ஒருவர்தானா என்று திரை கேட்கிறது.
ஆமாம் என்று அழுத்துகிறேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்பது என்கிறது.
படிவம் கேட்பது பத்து.

மின்விசிறி நின்றுவிட்டது, கரண்ட் போச்சு போல.
லேப்டாப்பில் இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது.
நாலு தடவை திருப்பி அனுப்பிய பத்திரிகையின்
பக்கத்தைத் திறக்கிறேன்.
புதுத் தலைப்பு, அதே குஞ்சுகள்.
தலையை ஒரு தரம் உதறிக்கொள்கிறேன்.