பிடி

எல்லாவற்றிலும் எது உனக்குப் பிடித்தது என்று
மறுபடியும் கேட்கிறான் செல்வின்.
பதில் தெரியும் அவனுக்கு.
சண்டைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பிடிக்காததைச் சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு
மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நிற்கிறதே வெள்ளைப் பெட்டி,
அதை வரைந்தவர்
சயான் கோலிவாடாவில் நூற்றெண்பது சதுர அடிக்குள்
ஒரு டிவி அலமாரியை அளந்தே இருக்க மாட்டார்.
நிற்க வைத்தால் மேல்தட்டு இடிக்கிறது.
படுக்க வைத்தால் பீரோ திறக்காது.
இப்போதைக்கு அரிசி டிரம் மேல் இருக்கிறது.
உலை வைக்கிற நேரமெல்லாம்
ஆட்டத்தை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி,
பெட்டியைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும்.
பதினெட்டு மாதத் தவணை. சம்பளத்தில் பிடித்தம்.
அதோடு எனக்கிருக்கும் பிடித்தம் அந்த ஒன்றுதான்.

அதற்கு முந்தைய கறுப்பு?
சாய்வெட்டு, மழமழப்பு, பார்வைக்கு ஒரு குறையுமில்லை.
ஜூலையில் சுவர் வியர்க்கத் தொடங்கியதும்
கரப்பான்கள் குடிவந்தன.
பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, கதகதப்பு.
காற்றுத் துளைகள் வாசல் அகலம்.
லாமிங்டன் ரோடு ஷாகிர் திறந்து, கவிழ்த்துத் தட்டி,
இவர்களிடம் வாடகை வாங்குகிறாயா என்றான்.
ஃபேன் சத்தமோ கேட்கவே வேண்டாம்.
கடைசி எதிரி வருவதற்கு முன்பே
அது பதறத் தொடங்கிவிடும்.
ஒத்துக்கொள்கிறேன், அது மட்டும் எனக்குப் பிடிக்கும்.
என்னோடு சேர்ந்து பயப்பட
அறையில் இன்னொன்று இருந்தது.

சரி, சொல்கிறேன். கேம்க்யூப்.

கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கட்டை டப்பா.
உள்ளங்கை அளவு தட்டு.
கன்ட்ரோலரின் நடுவே பெரிதாகப் பச்சைப் பொத்தான்,
மற்றதெல்லாம் அதைச் சுற்றி, சித்தப்பா பெரியப்பா மாதிரி.
கரண்ட் போன இருட்டிலும் கட்டைவிரலுக்கு வழி தெரியும்.
முன்பக்கம் நான்கு பேருக்கு இடம்.
பின்பக்கம்
ஒரு கைப்பிடி.

டிபன் கேரியர் என்று இந்த இடத்தில் செல்வின் சிரிப்பான்.
டிபன் கேரியர்தான்.
எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர்
இதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி
இன்னொருவர் வீட்டுக்குப் போவாள் என்று
நினைத்திருக்கிறார்.
போனேன்.

எனக்குப் பத்தொன்பது வயது.
டேட்டா என்ட்ரி வேலையின் முதல் தீபாவளி போனஸ்,
மூன்றாம் கைக்கு வந்த டப்பா.
சனிக்கிழமை சாயங்காலம் ஜிடிபி நகரில் ஏறி
காட்டன் கிரீனில் இறங்கினால்
மிலிந்த் வீடு, நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது.
மகளிர் பெட்டியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்
மிக்ஸியா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
கொடு என்று கை நீட்டி,
பிடியைப் பிடித்து வாங்கி,
மடியில் வைத்துக்கொண்டு
சிவ்ரி வரைக்கும் தூங்கினாள்.

விற்பனையில் மண்ணைக் கவ்விய பெட்டி அது
என்கிறான் செல்வின்.
கவ்வட்டும்.
பிடிவாதம் என்கிறான்.
அந்த வார்த்தைக்கும் முன்னால் ஒரு பிடி இருக்கிறது, பார்.

போன ஞாயிறு மான்கூர்டில் அவன் வீட்டில் ஆட்டம்.
வெள்ளையைப் போர்வையில் சுற்றி
இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன்.
கூட்டம். மேலே கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.
ஜன்னலோரம் இருந்தவள் என்னைப் பார்த்து
வழக்கம்போலக் கையை நீட்டினாள்.
நீட்டிய கை
போர்வையின் இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் போய்,
அடியில் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு
திரும்பிப் போயிற்று.

செம்பூர் வந்தது.
அடுத்தது கோவண்டி.